சேர்ந்து சொன்ன பொய்

ஆவடிக்குப் பக்கத்தில், சேக்காட்டில் ஒரு நடுநிலைப் பள்ளி. எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஏழு பேர் அங்கே வேலை பார்த்தோம். ஏழு பேரும் ஏழு திக்கு. ஒருவர் வகுப்பில் என்ன நடக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. என் டப்பாவிலிருந்து யாராவது ஒரு கலர் சாக்பீஸ் எடுத்துவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். தலைமையாசிரியர் பாவம், மாதாமாதம் கூட்டம் போட்டு, "இது நம்ம பள்ளிக்கூடம், எல்லாம் நம்ம பிள்ளைங்க, எல்லாருக்கும் ஒரே எண்ணம் இருக்கணும்" என்று தொண்டை வறளப் பேசுவார். நாங்கள் தலையாட்டிக்கொண்டே ரயிலுக்கு நேரமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்ப்போம்.

கடைசியில் எங்களை ஒன்றுசேர்த்தது அவர் பேச்சு அல்ல, என் வீட்டுக் கஷ்டம். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

என் மகனுக்கு அப்போது இரண்டு வயது. டைபாய்டு வந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். குழந்தைகள் வார்டில் தாயைத் தவிர வேறு யாரையும் தங்க விடமாட்டார்கள். அம்பத்தூரில் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியில் கதவடைப்பு. வீட்டுக்கு வந்த ஒரே சம்பளம் என்னுடையது. நானோ தற்காலிக ஆசிரியை. இருந்த லீவு தீர்ந்துவிட்டது. மேலும் வராமல் இருந்தால் என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அழுதேன். தையல் டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். உள்ளூர்க்காரர். சாக்பீஸுக்காக நான் அதிகம் சண்டை போட்டதும் அவரோடுதான்.

"இன்னாத்துக்கும்மா இப்டி அழுதுகினு கீறே? நீ போய் புள்ளயப் பாரு. ஒன் கிளாஸ நாங்க பாத்துக்கறோம்."

"கணக்குப் பாடம்க்கா, எப்படி..."

"கணக்குன்னா இன்னா பெரிய இது? நான் துணி வெட்றது கணக்கில்லியா?"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பள்ளி விட்டதும் ஒன்றாக உட்கார்ந்து மறுநாள் கணக்கை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பழகினார்களாம். பின்னத்தைத் தையல் டீச்சர் கெஜக்கோலை வைத்து நடத்தினார். சதவீதத்தில் மாட்டிக்கொண்டு தமிழ் ஐயா தவித்த கதையை எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள். வருகைப் பதிவேட்டில் தினமும் என் கையெழுத்து விழுந்தது. போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளி ஆய்வாளர் வந்துவிட்டார். ஏழாம் வகுப்பில் தையல் டீச்சர் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சர் எங்கே என்று கேட்டதற்கு, காலையில் வந்து பாடம் எடுத்துவிட்டு இப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று தலைமையாசிரியர் கூசாமல் சொன்னாராம். ஆய்வாளர் அவரை விட்டுவிட்டு முன்பெஞ்சில் இருந்த வகுப்புத் தலைவியைப் பார்த்தார். அவள் அப்பா ஒரு ஃபேக்டரியில் மூட்டை தூக்குகிறவர். வீட்டுப்பாடம் செய்யாத நாளில் நான் கேட்பதற்கு முன்பே எழுந்து நின்று சொல்லிவிடுகிற பெண் அவள்.

"காலையில உங்க கணக்கு டீச்சர் வந்தாங்களாம்மா?"

"வந்தாங்க சார். பதினாறாம் வாய்ப்பாடு கேட்டாங்க."

சொன்னதோடு நிற்காமல் அந்த வாய்ப்பாட்டை முழுக்க ஒப்பித்தும் காட்டினாளாம். ஆய்வாளர் சந்தோஷமாகப் போய்விட்டார்.

பிள்ளை பிழைத்தான். நான் திரும்பி வந்த அன்று ஆசிரியர் அறையில் டீயும் வடையுமாக ஒரே கொண்டாட்டம். அந்தக் கதையை ஆளுக்கொரு பக்கமாக நடித்துக் காட்டினார்கள். "இப்பத்தாம்மா இது பள்ளிக்கூடம் ஆச்சு" என்றார் தலைமையாசிரியர். அவர் கண் கலங்கியிருந்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். இத்தனை நல்ல மனிதர்களிடமா சாக்பீஸுக்குச் சண்டை போட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

அப்புறம் ஏழாம் வகுப்புக்குப் போனேன். அந்தப் பெண் எழுந்து வந்து, மேஜைக்கு முன்னால் நின்று, உள்ளங்கையை நீட்டினாள். பொய் சொன்னால் ஸ்கேலால் ஒரு அடி என்பது என் வகுப்பில் நான் வைத்த சட்டம்.

"நான் பொய் சொன்னேன் டீச்சர்."

சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "யாரும்மா உன்னைச் சொல்லச் சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லல டீச்சர். நீங்கல்லாம் ஒண்ணா இருந்தீங்க. நானும் சேந்துகினேன்."

"எனக்காகத்தானே சொன்னே? பரவாயில்ல, போ."

அவள் கையை இறக்கவில்லை. முகத்தில் கோபமோ குறும்போ இல்லை. புரியாத கணக்கைக் கேட்கிற அதே முகம்தான்.

"அப்ப நம்ம ஆளுக்காகன்னா சொல்லலாமா டீச்சர்?"

வகுப்பு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லலாம் என்றால் நான் டீச்சர் இல்லை. கூடாது என்றால், என் பிள்ளைக்காகப் பொய் சொன்ன அத்தனை பேரையும் குற்றவாளி ஆக்க வேண்டும், அவளையும்தான். அவள் கையைப் பிடித்து நானே இறக்கிவிட்டு, "போய் உட்காரு" என்றேன்.

போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் வீட்டுப்பாடம் செய்யாத நாளில் அவள் எழுந்து நிற்கவில்லை. நானும் கேட்கவில்லை.