சிங்கவரத்து மழையில் என் பக்கத்தில் இருந்தவர்

மூன்று வருஷம் நான் ஜெபம் செய்யவில்லை. சபையில் ஒருவருக்கும் இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஆலயத்துக்கு வந்தேன். பெண்கள் பக்கம் மூன்றாவது பாயில் உட்கார்ந்தேன். பாட்டு பாடும்போது உதட்டை அசைத்தேன். எல்லாரும் முழங்காலில் நின்று கண்ணை மூடினால் நானும் மூடினேன். உள்ளே ஒன்றுமில்லை. அந்த இருட்டில் யாருமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இன்றைக்கு உங்கள் முன்னால் எழுந்து நின்று அதைச் சொல்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் பெயர் சுகிர்தம். செஞ்சியில் பிரசவம் பார்க்கிற நர்ஸ். என் வீட்டுக்காரர் தேவசகாயம், வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். எங்களுக்கு ஒரே பெண் குழந்தை, ரூபி. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்தவள்.

1962 மார்கழி. ரூபிக்கு நாலு வயது. காலையில் தொண்டை வலிக்குது என்றாள். உடம்பு லேசாகச் சுட்டது. கஷாயம் வைத்துக் கொடுத்தேன். அப்போது சிங்கவரத்திலிருந்து ஆள் வந்தது. முனுசாமி என்று ஒரு கூலிக்காரர், அவர் மனைவி கன்னியம்மாளுக்குத் தலைப்பிரசவம். குழந்தையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் போனேன்.

உச்சிப்பொழுதில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். "குழந்தை மூச்சு வுட முடியாம திணறுது. உடனே வாங்கம்மா" என்றார். நான் எழுந்துவிட்டேன். கன்னியம்மாள் வலியோடு வலியாக என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போவாதீங்க நர்ஸம்மா. நான் செத்துப்பூடுவேன். போவாதீங்க."

குழந்தையின் தலை இறங்குகிற நேரம். அந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போகிறவள் நர்ஸ் இல்லை. இருந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினேன்.

வீட்டு வாசலில் கூட்டமாக இருந்தது. வீட்டுக்காரர் ரூபியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். தொண்டை அடைத்துவிட்டதாம். திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் புடவை சுற்றித் தயாராக வைத்திருந்தார்கள். பஸ் வருவதற்குள் போய்விட்டாள்.

நான் யாரோடும் சண்டை போடவில்லை. போதகர் வந்து ஆறுதல் சொன்னார், கேட்டுக்கொண்டேன். பதினைந்து நாளில் வேலைக்குப் போனேன். ஆனால் நான் வேறு ஆளாகிவிட்டேன். வலியில் கத்துகிற பெண்களை அதட்டினேன். "ஊர்ல இல்லாத வலியா ஒனக்கு?" என்பேன். பிறந்த குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன். சிங்கவரத்தில் கன்னியம்மாள் இருக்கிற தெரு வந்தால் சுற்றிக்கொண்டு போவேன். ஒருமுறை சந்தையில் அவள் இடுப்பில் குழந்தையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கை மட்டும் அன்றைக்கு என்னைப் பிடிக்காமல் இருந்திருந்தால்! இதையே நினைத்தேன். சமைக்கும்போது, துணி அலசும்போது, நடக்கும்போது, இதையேதான்.

வீட்டிலும் பேச்சு நின்றுபோனது. ஒருநாள் அவர், "சுகிர்தம், ரூபி கடைசியில..." என்று ஆரம்பித்தார். "சொல்லாதீங்க!" என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அடிக்கடி ஒரே கனவு வரும். சிங்கவரத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிறேன். கோட்டை மலைகள் தெரிகின்றன. நடக்கிறேன், நடக்கிறேன், மலைகள் கிட்டே வருவதே இல்லை. பாதை துணி மாதிரி நீண்டுகொண்டே போகிறது. எங்கேயோ குழந்தை கூப்பிடுகிறது. விழித்தால் கால் இரண்டும் நிஜமாகவே வலிக்கும்.

1965 ஐப்பசி. நாலு நாளாக விடாத மழை. மலைகளே காணாமல் போய்விட்டன. ஊரே ஈரத் துணிக்குள் சுற்றி வைத்தது மாதிரி இருந்தது. ஒரு காலையில் முனுசாமி சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றார்.

"நர்ஸம்மா, வூட்ல வலி எடுத்துக்குச்சி. கொஞ்சம் வாங்கம்மா."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ" என்றேன்.

"எப்படிம்மா போறது? பஸ்சு ஓடல. ஏரி ரொம்பி ரோட்டு மேல போவுது. வண்டிக்காரன் மாடு கட்ட மாட்டேன்றான்."

உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. வீட்டுக்காரர் எழுந்து வந்து குடையை எடுத்து என் கையில் கொடுத்தார். "நானும் வரட்டா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று கிளம்பினேன். இரக்கப்பட்டுப் போகவில்லை. போகாவிட்டால் வேலைக்கு ஆபத்து, அதனால் போனேன்.

வழியில் நான் நினைத்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இந்தச் சாட்சி பொய். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே, 'அவளும் ஒரு தடவை அழட்டும்' என்று நினைத்தேன். மற்றவர்களின் குழந்தைகளை இந்த உலகத்துக்கு வாங்கித் தருகிற கை இது. அந்தக் கையை வைத்துக்கொண்டு இப்படி நினைத்தேன்.

ஏரித் தண்ணீர் ரோட்டைக் கடக்கிற இடத்தில் இழுப்பு அதிகம். முனுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் கால் வழுக்கியது. விழாமல் நின்றேன், மருந்துப் பை மட்டும் கல்லில் மோதியது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பிரசவம் ஆனது. ஆண் குழந்தை. சுலபமாகத்தான் பிறந்தது. நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. கை கழுவத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது விரித்திருந்த துணி முழுக்க ரத்தம்.

இது எனக்குப் புதிதில்லை. குழந்தை பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்கி இறுக வேண்டும். இறுகாமல் தளர்ந்து கிடந்தால் ரத்தம் நிற்காது. அதற்கு ஊசி மருந்து உண்டு. பையைத் திறந்தேன். மருந்துக் குப்பி உடைந்து, பஞ்செல்லாம் நனைந்திருந்தது. இருந்தது அந்த ஒன்றுதான்.

அடிவயிற்றைக் கையால் அழுத்தித் தேய்த்தேன். கைக்கு அடியில் ஒன்றும் இறுகவில்லை. பிசைந்த மாவு மாதிரி நழுவியது. கன்னியம்மாளின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. மூலையில் அந்தப் பெண் குழந்தை, ரூபி போன அன்றைக்குப் பிறந்தவள், விரலைச் சூப்பிக்கொண்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கன்னியம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"நர்ஸம்மா... அன்னிக்கி நான்தான் ஒங்களப் புடிச்சி வெச்சிக்கினேன். அப்புறமாத்தான் சொன்னாங்க, ஒங்க கொழந்த... அதுக்குத்தாம்மா இது. எனக்குத் தெரியும். நீங்க போங்கம்மா. நான் புடிக்க மாட்டேன்."

வழியில் நான் நினைத்ததை அவள் வாயால் கேட்டேன். அந்த நிமிஷம் எனக்குள் மூன்று வருஷமாகக் கல்லாக இருந்தது உடைந்தது. வாய்விட்டுச் சொன்னேன்: "வேண்டாம் ஆண்டவரே! வேண்டாம். இவளைக் கொடுத்துடுங்க. என்னால ஆவல. நீங்க வாங்க."

ஜெபம் அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. முதலில் மழைச் சத்தம் தூரமாகப் போனது. கூரையில் மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் வேறு ஏதோ ஊரில் பெய்கிற மாதிரி கேட்டது. அந்தக் குடிசைக்குள் அப்படி ஒரு அமைதி. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவள் நான், என் முதுகுப் பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. என் வலது தோளுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தார். நான் உருவம் பார்க்கவில்லை. குரல் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை. கண் தெரியாதவளுக்குக்கூடப் பெற்ற தாய் பக்கத்தில் வந்தால் தெரியுமே, அப்படித் தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. யாரும் சொல்லாமலே தெரிந்தது. ரூபி போன அன்றைக்கு நான் என் வீட்டில் இல்லை. இவர் இருந்தார். இப்போது இங்கே எப்படி இருக்கிறாரோ, அப்படியே அங்கேயும் இருந்தார். நான் போய்ச் சேர முடியாத அந்த ஒன்றரை மணி நேரமும் என் குழந்தை தனியாக இல்லை.

என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆனால் படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பிறந்த குழந்தையை எடுத்து அவள் மார்பில் போட்டேன். அது வாயைத் தேடி, பிடித்துச் சப்ப ஆரம்பித்தது. பால் குடிக்கக் குடிக்கக் கர்ப்பப்பை சுருங்கும், அது கடவுள் வைத்த வைத்தியம். ஒரு கையை மேலே வைத்து வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்து, "நான் எங்கயும் போவல, கன்னியம்மா. இங்கயேதான் இருக்கேன்" என்றேன். அவளைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அரை நாள் போன மாதிரி இருந்தது. மெதுவாக, ரொம்ப மெதுவாக, என் உள்ளங்கைக்கு அடியில் ஒன்று திரண்டது. பந்து மாதிரி கெட்டியானது. ரத்தம் குறைந்தது. பிறகு நின்றது.

அடுப்பில் கஞ்சி வைத்திருந்த முனுசாமியைப் பார்த்து, "இன்னுமா கஞ்சி கொதிக்கல?" என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இப்பத்தானேம்மா வெச்சேன். இன்னும் சூடே ஏறல."

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். கன்னியம்மாள் கஞ்சி குடித்துத் தூங்கினாள். அந்தப் பெண் குழந்தை மெதுவாக வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டது. மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒரு குழந்தையின் தலையை முகர்ந்து பார்த்தேன். அவள் பெயர் என்ன என்று அப்போதுதான் கேட்டேன். செல்வி என்றாள்.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. தண்ணீர் வடிந்த வயல்களில் வானம் கிடந்தது. மேகம் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, முதலில் கோட்டை மலைகளில் ராஜகிரியின் உச்சி மட்டும் அந்தரத்தில் மிதந்தது. அப்புறம் மற்ற மலைகள். பாதை நீளவில்லை. நடந்தேன், வீடு வந்தது.

நடந்ததை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார். பிறகு நானே, "ரூபி கடைசியில என்ன பண்ணா? சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார்: "ரொம்பத் திணறிக்கினு இருந்தா. அப்புறம் சட்டுனு அமைதியாய்ட்டா. தூக்கச் சொல்லிக் கையை நீட்டினா. நான் இந்தப் பக்கம் இருக்கேன் சுகிர்தம், அவ அந்தப் பக்கம் பார்த்து நீட்டினா. அங்க யாரும் இல்ல. சிரிச்சா. ஜன்னி வேகம்னு நெனச்சேன். ஒனக்கு இன்னும் வலிக்குமேன்னுதான் அப்புறம் சொல்லல."

ரூபி போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. ரூபியை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. மார்கழி வந்தால் அதிகமாக வலிக்கிறது. துக்கத்தை ஆண்டவர் எடுத்துப்போடவில்லை, அதில் என்னைத் தனியாக விடவில்லை. கன்னியம்மாளின் குடும்பம் நம் சபைக்கு வரவில்லை. அவர்கள் தங்கள் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள். நான் வரச்சொல்லிக் கேட்பதும் இல்லை. மணிலாக்கொட்டை பறிக்கிற காலத்தில் ஒரு கூடை வேர்க்கடலையோடு வருவாள், பேசிக்கொண்டிருப்போம்.

இப்போது நான் பிரசவம் பார்க்கப் போகிற வீட்டில் யாரையும் அதட்டுவதில்லை. கத்துகிறவள் கத்தட்டும் என்று அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். குழந்தை வந்ததும் முதலில் அதன் முகத்தைப் பார்க்கிறேன். கூட வேலை செய்கிற ஒரு நர்ஸ், "இன்னாக்கா, நீங்க முன்ன மாதிரி இல்லியே?" என்று கேட்டாள். இல்லை, நான் முன்னே மாதிரி இல்லை.

அந்தச் சிங்கவரத்து நாள் மாதிரி மறுபடி வரவில்லை. கேட்டும் வரவில்லை. எப்போதாவது கிணற்றில் தண்ணீர் சேந்தும்போதோ, பஸ்ஸுக்கு நிற்கும்போதோ, தோளுக்குப் பக்கத்தில் லேசாக ஒரு வெதுவெதுப்பு வந்து போகும். அது போதும். அந்த வெதுவெதுப்பு வராத நாளிலும் அவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

பிரியமானவர்களே, இங்கே பாயில் உட்கார்ந்து வெறும் உதட்டை அசைத்துக்கொண்டு யாராவது இருக்கலாம். உங்களுக்காகத்தான் இதைச் சொன்னேன். அழகான ஜெபம் வரவில்லையே என்று பயப்படாதீர்கள். கோபமாக இருந்தால் கோபத்தையே சொல்லுங்கள். என் மனசில் இருந்ததைவிடக் கெட்டது உங்கள் மனசில் இருக்காது. அதோடேயே கூப்பிட்டேன், வந்தார். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், "வாங்க" என்று.