ஏகாம்பரத்தின் மேல் போட்ட பழி

என் தங்கை போன் செய்து, "அண்ணா, அவரு போயிட்டாரு" என்றபோது நான் ஏரிக்கரையில், தோணிரேவு ஊர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி கிளாஸ் என் பிடியிலேயே நொறுங்கிவிட்டது. என் பிடி அப்படி. அழுகைக்கு முன்னால் எனக்கு ஒரு பெயர்தான் வந்தது: சுரேஷ்.

என் தங்கை புருஷன் ஏகாம்பரத்தை அறிந்த உங்களுக்குத் தெரியும், நம் மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. ஏரியில் இன்று எந்த இடத்தில் யார் வலை போடுவது என்ற பாடு முறையை அதுதான் சொல்லும். அவர் சாது அல்ல. அவர் கத்தினால் பூநாரைகள் ஆந்திரா பக்கம் பறந்துவிடும். "இறா நாத்தக் கையோட தொடறியே, இது இன்னா உன் மாமியார் ஊட்டு அடுப்பா?" என்பார்.

பொன்னேரியில் கடை வைத்திருக்கும் சுரேஷ் வந்து அதில் புதிய இயங்குதளம் போட்டான். அதன்பின் பாடு புரோகிராம் திறக்கவில்லை. அது ஓடுவதற்குத் துணையாக வேண்டிய ஒரு லைப்ரரி கோப்பு காணவில்லை என்றது திரை. சுரேஷ் வேறொரு புதுக் கோப்புக்குக் காணாமல் போனதன் பெயரை வைத்தான். புரோகிராம் வாயைத் திறந்து அப்படியே செத்தது. ஊர்க் கூட்டத்தில் சுரேஷ் எழுந்து, "நான் போட்டது சரியாத்தான் கீது. இவருதான் எதையோ அழிச்சிட்டாரு" என்றான்.

பொதுச் சாமான் காணாமல் போனால் காவல் இருந்தவர் பதில் சொல்வது நம் வழக்கம். "வலை காணோம்னா காவல்காரனைத்தான கேக்கறோம்? இதுக்கும் அவருதான்" என்றார் தலைவர். ஏகாம்பரத்துக்குப் பாடு கொடுப்பதை நிறுத்தினார்கள். ஏரி எதிரே இருந்தும் அவர் வலை காய்ந்தது.

"மச்சான், பக்கத்துல உக்காரு. சாட்சி வேணும்" என்று ஏகாம்பரம் என்னை அழைத்தார். சுரேஷ் பெயர் மாற்றி வைத்ததை முதலில் தூக்கி எறிந்தார். பிறகு 'எல்டிடி' என்று ஒரு கட்டளை. புரோகிராம் நம்பியிருக்கும் லைப்ரரிகள் எல்லாம் வரிசையாக வந்தன. ஒன்றுக்கு எதிரே மட்டும் 'இல்லை'. அதை அவருக்கு முன்னால் பார்த்தவன் நான்தான். புரோகிராம் கேட்டது பழைய பதிப்பு. புதிய இயங்குதளத்தோடு வந்தது புதிய பதிப்பு மட்டும். யாரும் எதையும் அழிக்கவில்லை. பழையதை இறக்கி, அதன் இடத்தில் வைத்து, 'எல்டி கான்ஃபிக்' என்று இன்னொரு கட்டளையை ஓட்டினார். பாடு முறை திறந்தது.

பாடு திரும்பக் கிடைத்தது. ஆனால் நம் வழக்கப்படி, கூட்டத்தில் பழி போட்டவரே கூட்டத்தில் அதை எடுக்க வேண்டும். சுரேஷ் வரவே இல்லை. தலைவர் வருத்தம் சொன்னபோது ஏகாம்பரம் முகம் கொடுக்கவில்லை. "அவன் வாயால வரணும் மச்சான். வேற எவன் வாயால வந்தா எனக்கு இன்னாத்துக்கு?" என்றார்.

சாவு வீட்டுக்கு சுரேஷ் ரோஜா மாலையோடு வந்தான். நான் குறுக்கே நின்றேன். கலங்கரை விளக்கம் நகர்ந்தாலும் நான் நகர்ந்திருக்க மாட்டேன்.

"மாலைய அப்பறம் போடு. மொதல்ல சொல்லு."

"போனவரு போயிட்டாரு, இப்ப இன்னாத்துக்குண்ணே அதெல்லாம்?"

"அவருதான் போனாரு. கூட்டம் இங்கதான் நிக்குது."

சுற்றிலும் பார்த்தான். "ஏதோ... ரெண்டு பேரு மேலயும் தப்பு" என்றான்.

அந்த மாலையை வாங்கி அவன் கழுத்திலேயே போட்டு அனுப்பினேன்.

ஏகாம்பரத்தின் வலையை மகன்கள் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய கோபம் என்னிடம் இருக்கிறது; சோறு போட்டு வளர்க்கிறேன். சுரேஷ், நீ இதைப் படித்தால், ஊர்க் கூட்டம் இன்னும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.