எண்ணூர்க் கழிக்கு அப்பால் ஒரு தீவும் உப்புக் கோடு விழுந்த பாவாடையும்

நம் வகுப்பில் காட்டுப்பள்ளித் தீவுக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படித்ததும் அடுத்தவளிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். எல்லோரும் தூங்கிய பிறகு சிம்னி விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். அப்பா புரண்டு படுத்தாலே கை நின்றுவிடுகிறது.

தீவு என்றால் நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் என்று பூகோள வகுப்பில் ஒப்பித்தோமே, அன்று அஞ்சலை என் காதில் சொன்னாள்: "எங்க அத்த வூடு தீவுலதான் கீது. ரயிலேறுனா வந்துடும்." அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் கேட்காமல் பொருட்காட்சிக்குப் போனதற்காக என் அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தியவர் அப்பா. "நீயும் சொல்லாம எங்கனா போனே, அன்னியோட படிப்புக்கு முழுக்கு" என்று சொல்லி வைத்திருந்தார். துறைமுக வேலை முடிந்து ஆறரைக்குத்தான் அவர் வருவார். அதற்குள் திரும்பிவிடலாம் என்று, தையல் கிளாஸ் இருப்பதாக அம்மாவிடம் பொய் சொல்லி, போன சனிக்கிழமை அஞ்சலையோடு கிளம்பினேன். அவள் இரவு அத்தை வீட்டிலேயே தங்குவதாக இருந்தாள்.

ராயபுரத்தில் காலை எட்டு மணி வண்டி. எண்ணூருக்குப் போக வர நாலணா. வலது பக்கம் உட்காருங்கள். திருவொற்றியூர் தாண்டியதும் கடல் தெரியும், கண்ணில் கரித்தூளும் விழும். ஸ்டேஷனிலிருந்து நெட்டுக்குப்பம் இரண்டு மைல் நடை. அங்கே இறால் விற்க வந்திருந்த அஞ்சலையின் மாமா, அந்த அத்தையின் வீட்டுக்காரர், தம் படகிலேயே எங்களைக் கழியைக் கடத்திவிட்டார். கூலி வாங்கவில்லை.

தீவில் சவுக்கும் பனையும் தாழம்புதரும் தவிர அதிகம் எதுவுமில்லை. மணல் அவ்வளவு சுத்தம். கிழக்கே கடல், தெற்கே கழி. மேற்கே நடந்து போனால் அங்கேயும் தண்ணீர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தகத்தில் எழுதியிருப்பது நிஜம்! தெய்வானை அத்தை இறால் வறுத்து, பழைய சோற்றோடு கொடுத்தார். அப்படி ஒரு சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை.

மூன்று மணிக்குக் கரைக்கு வந்தால் கழியின் குறுக்கே வலை கட்டியிருந்தது.

அந்த ஊரில் குடும்பத்துக்கு ஒரு நாள் என்று முறை வைத்து வலை கட்டுகிறார்கள். அதைப் பாடு என்பார்கள். வலை கட்டிவிட்டால் நீர் வடிந்து முடியும்வரை படகு போகக்கூடாது, இறால் கலைந்துவிடும். அத்தை வீட்டுப் பாடு முந்தின நாளே முடிந்திருக்கும் என்று அஞ்சலை நினைத்திருந்தாள். இடையில் ஊரில் ஒரு சாவு. சாவு விழுந்தால் யாரும் வலை போடமாட்டார்கள். முறை ஒரு நாள் தள்ளிப்போகும். இவள் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அன்றுதான் அத்தை வீட்டுப் பாடு.

"நீயும் தங்குறேன்னு நெனச்சேன்மா" என்றார் மாமா. "இனிமே பொழுது சாஞ்சாதான் வலையத் தூக்கலாம்."

நான் அழ ஆரம்பித்தேன். அஞ்சலையும் கூட அழுதாள்.

"இன்னாத்துக்கு ரெண்டு பேரும் கழில தண்ணி ஏத்தறீங்க?" என்றார் அத்தை. விஷயத்தைச் சொன்னேன். அவர் மாமாவைப் பார்த்தார். "வலைக்குக் கடல் பக்கமா நடந்தா இறா கலையாது. அங்க மண்ணு மேடு கீது. நான் இட்டுகினு போறேன்."

"இன்னிக்கி விட்டா நம்ம மொற எப்ப வருமோ. வலைய யாரு பாக்கறது?"

"உன் மருமவ அஞ்சல நிக்கிறாளே, அவ பாப்பா. கணக்குத் தப்பா போட்டவதானே."

என் செருப்பைத் தலைமேல் வைத்துக்கொண்டு அத்தை என் கையைப் பிடித்தார். தண்ணீர் எனக்கு மார்பளவு. "காலத் தூக்கி வைக்காத, தேச்சிகினே வா. திருக்கை மீனு மண்ணுல படுத்துகினு இருக்கும். மிதிச்சா கொட்டும், தேச்சா ஓடிப்பூடும்." நான் அங்கேயே நின்றுவிட்டதும், "படிக்கிற பொண்ணு பயப்படலாமா? எனுக்கு எழுதத் தெரியாது, உனுக்கு நடக்கத் தெரியாது, சரியாப் போச்சி" என்று சிரித்தார். அக்கரையில் என்னை ஏற்றிவிட்டு, நன்றி சொல்வதற்குள் திரும்பித் தண்ணீரில் இறங்கிவிட்டார். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்: தெய்வானை அத்தை, உங்களுக்கு என் நமஸ்காரம்.

ஓட்டமும் நடையுமாகப் போய் ஐந்து மணி வண்டியைப் பிடித்தேன். காற்றில் பாவாடை காய்ந்துவிட்டது. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என் பாவாடையையே பார்த்தாள். அதில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள்.

"தையல் கிளாஸ்ல உப்பாடி தைக்கிறாங்க?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தெருமுனையில் அப்பாவின் இருமல் கேட்டது. அம்மா பாவாடையை அவிழ்க்கச் சொல்லி வாளியில் அமுக்கினாள். அப்பா உள்ளே வந்து, "இந்நேரத்துல இன்னா தொவையல்?" என்றார். "குழாயடில சேத்துல வுழுந்துட்டா" என்றாள் அம்மா. அவர் முகம் கழுவப் போய்விட்டார்.

அம்மா பாவாடையைப் பிழிந்துகொண்டே மெதுவாகக் கேட்டாள்: "நாலு பக்கமும் தண்ணியாடி?"

"மூணு பக்கம் பாத்தேம்மா. வடக்க போவல."

"மூணு பக்கம் பாத்துட்டு தீவுன்னு எப்பிடிச் சொல்ற?"

போகிறவர்கள் வடக்குப் பக்கமும் போய்ப் பாருங்கள். படகில் ஏறுமுன் இன்று யார் பாடு, ஊரில் சாவு ஏதும் உண்டா என்று கேளுங்கள். மாற்றுப் பாவாடை அவசியம். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். அவர்களுக்கும் பார்க்க ஆசை இருக்கலாம்.