அம்மாவின் வாளுக்கு ஒரு சுற்று போதும்

போன ஞாயிறு டெல்லி மெட்ரோ ஸ்டேஷனில் அம்மாவை நிறுத்திவிட்டார்கள்.

"யே க்யா ஹை?" — எங்கள் நீளமான துணிப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக் கேட்டார் செக்யூரிட்டிப் பெண்.

அம்மாவுக்குப் பொய் வராது. "தல்வார்" என்றார். வாள்!

நான் அவசரமாகத் துணியை விலக்கி, கைப்பிடியில் இருந்த சுவிட்சைத் தட்டினேன். வாள் நீலமாக ஒளிர்ந்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டார்.

"அச்சா... டியூப்லைட்! ஜாயியே" என்று போகச் சொல்லிக் கையசைத்தார்.

டியூப்லைட்டா? என் இத்தனை நாள் உழைப்பு டியூப்லைட்டா? ஆனால், அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்திருக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

ஆர்.கே.புரத்தில் எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு விழா நாடகம். எங்கள் வீடு 'கேம்ப்' என்று எல்லோரும் சொல்லும் குடிசைப் பகுதியில். நான்கு வீடுகளில் சமைத்துவிட்டு வரும் என் அம்மாவுக்கு ரொம்ப நாளாக மேடை ஆசை. நாடகத்தை இயக்கும் ராமநாதன் சார் ரிட்டயர்டு ஆபீசர். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று வசனமே இல்லாத வேடம் கொடுத்தார். கடைசிக் காட்சியில் மேடை இருண்டுவிடும். காவல் தெய்வமாக அம்மா ஒளிரும் வாளோடு நடந்து வர வேண்டும். அவ்வளவுதான். வாள் சொதப்பினால், அம்மா மேடையில் இருப்பதே யாருக்கும் தெரியாது.

"வாளுக்கு என்ன பண்றது லட்சுமி? அட்டையில சில்வர் பேப்பர் ஒட்டிடலாமா?"

"எதுக்கு சார்? எம் பொண்ணு இஞ்சினியருக்குப் படிச்சிருக்குது. அது செய்யும்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தது கம்ப்யூட்டர். ஆனால் ஃபேன் நின்றாலும் மிக்ஸி புகைந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் மாட்டேன் என்று சொன்னதில்லை. செய்து முடிப்பேன் என்ற நம்பிக்கைதான்!

சாந்தினி சௌக் பக்கத்து எலெக்ட்ரிகல் மார்க்கெட்டில் கண்ணாடி போல் பளிச்சென்ற அக்ரிலிக் குழாய் வாங்கினேன். வெளிச்சம் முழுசாக வெளியே வர வேண்டாமா? உள்ளே எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை நுழைத்து சுவிட்சைப் போட்டேன். வரிசையாகப் புள்ளி, புள்ளி, புள்ளி...

"இன்னா பாப்பா இது? கல்யாண வீட்டு சீரியல் லைட்டாட்டம் இருக்குது!"

டிரேசிங் பேப்பர் சுற்றினேன் — ஒட்டிய இடம் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. குழாயின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கினேன் — கொஞ்சம் தேவலை. ஆனால் அம்மா ஆசையாக ஒரு வீசு வீசினார். கட்டிலில் பட்டு விரிசல் விட்டது.

அடுத்து பால் வெள்ளையில் பாலிகார்பனேட் குழாய். இது வளையுமே தவிர லேசில் உடையாது. புள்ளிகள் மங்கின, மறையவில்லை. கடைசியில், புது மிக்ஸியைச் சுற்றி வந்த மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட் கண்ணில் பட்டது. ஸ்ட்ரிப்பின் மேல் ஒரு சுற்று சுற்றி உள்ளே தள்ளினேன். புள்ளிகள் காணோம்! கைப்பிடி முதல் நுனி வரை ஒரே ஒளி.

வேடிக்கையைப் பாருங்கள்... எதையும் மறைக்காத குழாயில் பல்புதான் தெரிந்தது. கொஞ்சம் மறைத்த பிறகுதான் வாள் தெரிந்தது.

அதோடு விட்டேனா? ஒரு சுற்றே இவ்வளவு அழகென்றால், நான்கு சுற்று? சுற்றினேன். வீட்டில் போட்டுப் பார்க்கக்கூட நேரமில்லாமல் ஒத்திகைக்கு ஓடினோம். மேடை விளக்கை அணைத்ததும் என் வாள், பேட்டரி தீர்ந்த டார்ச் போல் அழுது வடிந்தது.

"சில்வர் பேப்பர் வாங்கிடட்டுமா?" என்றார் சார்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. வாளை மட்டும் கீழே இறக்காமல் பிடித்திருந்தார்.

அங்கேயே மேடை ஓரத்தில் உட்கார்ந்து மூன்று சுற்றை உருவிப் போட்டேன். மீண்டும் ஒளிர்ந்தது. புள்ளியே தெரியாத, டியூப்லைட் போன்ற ஒளி. அந்த செக்யூரிட்டிப் பெண்ணின் பாராட்டு இப்போது புரிகிறதா?

அதே ஞாயிறு மாலை. மேடை இருண்டது. அம்மா நடந்து வந்தார். முன் வரிசைக் குழந்தைகளிடமிருந்து "ஓ!" என்று ஒரு சத்தம். நான் யோசிக்காத ஒன்றும் நடந்தது — வாளின் வெளிச்சம் அம்மாவின் முகத்தில் விழுந்தது. அத்தனை பேரும் என் அம்மாவைப் பார்த்தார்கள்.

முடிந்ததும் சார் என்னை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைப் பிடித்தார். "கேம்ப்புல பட்ட கஷ்டம்தான் இந்தப் பொண்ணை இப்படி ஜொலிக்க வச்சிருக்கு!" கைதட்டல்.

எந்த மேடையிலும் என்னைப் பற்றி இதைத்தான் சொல்வார்கள். வழக்கமாகச் சிரித்துவிட்டு இறங்கிவிடுவேன். அன்று மைக்கை வாங்கினேன்.

"கஷ்டமும் அந்த ஃபோம் ஷீட் மாதிரிதான் சார், ஒரு சுற்று சரி. நாலு சுற்று போட்டா அணைஞ்சே போயிடும். ஒத்திகையில நீங்களே பாத்தீங்களே? எங்கம்மா மேல இன்னும் நாலு சுற்று அப்படியே இருக்கு. அடுத்த வருஷம் அவங்களுக்கு வசனம் குடுங்க. நான் வாசிச்சுக் காட்டறேன், அவங்க மனப்பாடம் பண்ணிடுவாங்க."

சார் யோசித்தார். காவல் தெய்வம் யோசிக்கவில்லை.

"நீளமா குடுங்க சார்!"