விழுந்ததற்குக் கைதட்டினார்கள்

இலங்கைப் போரில் பதுங்குகுழிக்குள் வளர்ந்தவள் நான். விழுப்புரம் பக்கம் அகதி முகாமுக்கு வந்தபின், எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போனேன். பரதமும் படித்தேன். இன்று அதுதான் என் தொழில்.

சென்ற ஆண்டு திண்டிவனம் அருகே கோயில் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தபோது, சுவாமி புறப்பாட்டுக்கு அதிர்வேட்டு போட்டார்கள். என்னை அறியாமல் காதைப் பொத்திக்கொண்டு மேடையில் குப்புற விழுந்தேன். அதுவும் நடனம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

இந்த ஆண்டும் விழாக்குழுத் தலைவர் போனில் அழைத்தார். “அந்த விழுற ஸ்டெப்பு கண்டிப்பா இருக்கணும்மா. வேட்டு ரெடியா வச்சிக்கினு இருக்கோம்.”

“அது ஸ்டெப்பு இல்லீங்க. குண்டு விழுந்தா அப்படிப் படுக்கணும்னு அம்மா சொல்லிக் குடுத்தது.”

சற்று யோசித்தார். “அப்போ அதையே மைக்ல சொல்லிட்டு விழும்மா. ஜனங்க அழுதுரும்.”

நான் போகவில்லை. இப்போதெல்லாம், ஆடி முடிக்கும்வரை வேட்டு போடமாட்டோம் என்பவர்களுக்கு மட்டுமே சலங்கை கட்டுகிறேன். காரணம் கேட்டால் சொல்வதில்லை.