நல்ல கேஸ்

குழந்தை மருத்துவராக எம்.பி.பி.எஸ். முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, அதற்கு மேல் மூன்று வருடம் வார்டில் கிடந்து புரள வேண்டும். அதில் நான் உருப்படியாகக் கற்றது, பேராசிரியர் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைத்தான். அவர் உளறினாலும் எட்டுப் பேர் குறிப்பெடுப்போம். இதற்குப் பயிற்சி என்று பெயர்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள குழந்தைகள் வரும் மருத்துவமனை அது. அப்போது நான் இரண்டாம் வருடம். சீனியர்களின் செய்முறைத் தேர்வுக்கு 'நல்ல கேஸ்' பிடித்து வைப்பது எங்கள் வேலை. நல்ல கேஸ் என்றால் சீக்கிரம் குணமாகிற குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் நோய் கணீரென்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

காத்திவாக்கத்தில் இறால் பிடிக்கும் ஒரு பெண்ணின் இரண்டு வயது மகள் வார்டில் இருந்தாள். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. சளிக்காகச் சேர்த்திருந்தார்கள், சளி போய்விட்டது, வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். ஆனால் அந்த ஓட்டையின் இரைச்சல் அவ்வளவு அழகாம், பேராசிரியருக்கு விட மனசில்லை. பெரிய பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், போகட்டுமா என்று தாய் தினமும் கேட்டாள். இன்னொரு டெஸ்ட் பாக்கி இருக்கிறது என்று கூசாமல் பொய் சொன்னவள் நான்தான். இருமுகிற குழந்தைகளுக்கு நடுவே நான்கு நாள் அந்தச் சின்னவளைக் கிடத்தி வைத்தோம்.

சீனியர்கள் ஆள் மாற்றி ஆள் வந்து அந்தச் சின்ன மார்பில் கேட்டுப் பழகினார்கள். பாடம் அவர்களுக்கு ஏறியதோ இல்லையோ, தாய்க்கு மனப்பாடமாகிவிட்டது. தேர்வன்று நடுங்கிக்கொண்டு வந்த சீனியரைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. ஓட்டை இதயத்தின் நடுச்சுவரில் இருப்பதை மெல்லச் சொல்லிக் கொடுத்தாள். அந்த மேதாவி ஒப்புக்கு ஒரு தரம் ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுத்தான். தேர்வாளர்களிடம் மூச்சு விடாமல் ஒப்பித்தான். அவர்களும் ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பிரியாணி ஆறிவிடும் என்று கிளம்பினார்கள்.

நான் கேஸ் ஷீட்டை எடுக்கப் போனேன்.

"அந்த சாரு பாஸாம்மா?" என்று தாய் கேட்டாள்.

பாஸ் என்றேன்.

"அப்ப இனிமேலாச்சும் கொயந்தைய யாராச்சும் பாருங்க. காத்தாலேர்ந்து ஒடம்பு கொதிக்குது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னு நீதானம்மா சொன்ன. யாருமே கேக்கல."

சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க ஸ்டெதஸ்கோப்கூடத் தேவையில்லை.