கேப்டனின் இடது முழங்கால்

டான்குவோலேவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கௌனாஸ் நகரக் கூடைப்பந்து அணி வீரர்களின் கைகால்களை நீவிவிடுவதுதான் பத்தொன்பது வருடமாக அவள் வேலை. ஐரோப்பியப் போட்டி அக்டோபரில் தொடங்கினால் ஏப்ரல் வரை பெட்டியும் கையுமாகத்தான் திரிவாள். எவனுக்கு எங்கே வலி என்பது பெற்றவளுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்த மார்ச்சில் கேப்டன் மான்ட்விதாஸின் இடது முழங்காலைத் தொட்டதும் அவள் விரல்கள் நின்றுவிட்டன. உள்ளே நீர் கோத்திருந்தது. மூட்டும் லேசாக ஆடியது.

“டீம் டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க அக்கா. இன்னும் நாலே மேட்ச். எட்டாவது இடத்துல தொங்கிட்டிருக்கோம், எட்டு டீம்தான் அடுத்த சுற்றுக்குப் போகும். எனக்கும் முப்பத்திமூணு ஆச்சு. இதை விட்டா வேற வருஷம் ஏது?”

“மூட்டு போயிடும்டா.”

“இறுக்கக் கட்டு போட்டுவிடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

அவள் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

பெல்கிரேடில் அவன் இருபத்தொரு புள்ளி எடுத்தான், அணி வென்றது. ஆனால் திரும்பும்போது விமானப் படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினான். பின்னால் வந்த டான்குவோலே அதைப் பார்த்தாள். மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் போனாள்.

“ஒரு வாரமா தெரியும். மறைச்சுட்டேன்,” என்றாள்.

ஸ்கேனில் தசைநார் பாதி கிழிந்திருந்தது. அவனை ஆடவிடாமல் உட்காரவைத்துவிட்டார்கள். மீதி மூன்று ஆட்டமும் தோல்வி. ஒரே ஒரு வெற்றி குறைந்ததால் அடுத்த சுற்று கைநழுவி, அந்த இடம் பெல்கிரேடு அணிக்குப் போனது. சொன்னதற்காக ஊர் ஏசியது. சொல்லாமல் இருந்ததற்காக நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது.

“பெல்கிரேடுக்காரன் உங்களுக்கு இன்னும் சிலை வைக்கலையா?” என்று கேட்டாள் ரொட்டிக் கடைக்காரி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். டான்குவோலே கறுப்பு ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜூனில் மான்ட்விதாஸ் ஊன்றுகோலோடு வந்து தன் அலமாரியைக் காலி செய்தான். நிர்வாகம் அவனோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

“நீங்க சொன்னதாலதான் கால் தப்பிச்சுதுன்னு டாக்டர் சொல்றாரு.”

“நீ என்ன சொல்ற?”

“தலையாட்டினீங்களே அக்கா,” என்றான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

ஆகஸ்டில் புதுப் பருவத்துக்குப் பயிற்சி தொடங்கியது. அவள் மேசையில் படுத்தவர்கள், எங்கே அழுத்தினாலும் “ஒண்ணுமில்ல, நல்லாயிருக்கேன்” என்றார்கள். ஒருவனின் கணுக்காலைத் தொட்டபோது அவன் பல்லைக் கடித்ததை அவள் பார்த்தாள்.

“வலிக்குதா?”

“இல்லயே.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, நேரே டாக்டரின் அறைக்கு நடந்தாள்.